சுவரில் காது வைக்கிறவர்

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் மெக்கானிக் முதலில் சுவரில் காதை வைத்துவிடுவார். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் கருவிப் பையைத் திறப்பார். "ஆளு பொய் சொல்லுவான் சார். சுவர் சொல்லாது" என்பார். இருபத்தாறு வருட வேலையில் அவருடைய வலது காது சப்பையாகிவிட்டது என்று மனைவி கேலி செய்வாள்.

மகளுக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்தது. ஒன்று பக்கத்து மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம். விடுதி கிடையாது, எல்லோரும் ரயிலில் வந்து ரயிலில் திரும்புகிறவர்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. மற்றது ஊருக்கு வெளியே, உயர்ந்த மதிலுக்குள் இருக்கும் தனியார் கல்லூரி. அங்கே விடுதியில்தான் தங்க வேண்டும்.

"பொம்பளைப் பிள்ளை தினமும் நாலு மணி நேரம் ரயில்லயா? தனியார்லயே சேர்த்துடுங்க" என்றாள் மனைவி.

"ரெண்டையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுறேன்."

பல்கலைக்கழகத்தில் நாலரைக்கு மணி அடித்தது. பத்தே நிமிடத்தில் ஐந்து மாடியும் காலி. தரைத்தளத்தில் அவர் மட்டும் சுவரில் காதை வைத்து நின்றார். லிஃப்ட் இறங்கி வந்து திறந்தது. உள்ளே யாரும் இல்லை. மூடிக்கொண்டு மேலே போனது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, யாரையோ ஏற்றிக்கொள்கிற நேரம் காத்திருந்து, மறுபடி இறங்கியது. ஆட்கள் வெளியேறும்போது பாரம் குறைந்து லிஃப்ட்டின் தளம் லேசாக மேலெழும்பும். கதவு திறந்ததும் காலி லிஃப்ட் அப்படியே எழும்பியது. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார். "நாலரைக்கு மேல இங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"லிஃப்ட் ஓடுதே, அண்ணே?"

"அது ஓடும்" என்றார் காவலாளி, விளக்கை அணைத்தபடி.

மறுநாள் தனியார் கல்லூரி. விடுதித் தாழ்வாரம் கண்ணாடியாய்ப் பளபளத்தது. நானூறு பெண்கள் இருக்கிறார்கள் என்றார் வார்டன். இவர் சுவரில் காதை வைத்தார். ஒரு இருமல் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை, நாற்காலி நகரவில்லை. திறந்திருந்த அறைகளில் மும்மூன்று பேராகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டியாம்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"இங்க எல்லாமே நல்லா இருக்கு, அங்கிள்."

"உனக்கு எந்த ஊரும்மா?"

"இங்க எல்லாமே நல்லா இருக்கு, அங்கிள்."

அடுத்த அறையைக் கடக்கையில் அவர் வாயே திறக்கவில்லை. உள்ளிருந்து அதே வார்த்தைகள், அதே குரலில் வந்தன.

வீட்டில் அவர் எதையும் ஒளிக்கவில்லை. "அந்த யூனிவர்சிட்டி லிஃப்ட்டுல என்னவோ இருக்கு. ஆனா அங்கதான் சேர்க்கப்போறேன்."

"என்னவோ இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே!"

"படியேறிப் போகட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவா இல்ல? நம்ம பொண்ணாவே வருவா."

முதல் நாள் மாலை ரயில் நிலையத்தில் போய் நின்றார். கூட்டத்தோடு மகள் இறங்கி வந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, போங்கப்பா! கேன்டீன் டீ பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. ஃபேன் ஒண்ணு கூட சுத்தல. கணக்கு சார் வேற எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசுறாரு..."

அவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் குறுக்குச் சந்தில் திரும்பாமல், சுற்றிப் போகும் தெருவில் மெதுவாக நடக்கத் தொடங்கினார்.