ஹெலனின் கீழ்க்குரல்

செங்கல்பட்டு சி.எஸ்.ஐ. கோயில் பாடகர் குழுவில் ஹெலன் பாடியது ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு அந்தக் கீழ்க்குரல்தான். அங்கே பைபிள் சங்கீதத்தை நாலு குரலில் பாடுவார்கள். வரி முழுக்க ஒரே சுரத்தில் பேச்சுப்போல ஓடும். முடிகிற இடத்தில் நாலு குரலும் ஆளுக்கொரு பக்கம் போய் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது ஹெலனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பமொன்றில் ஏசுபாதத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர்கள் ஆர்.சி. கிறிஸ்தவர்கள். சங்கீதத்துக்கு அங்கே திருப்பாடல் என்று பெயர். முதல் ஞாயிறு பூசையில் மாமியார் ரெஜினா அதைத் தனியாகப் பாட, வரிக்கு வரி கோயிலே ஒரே குரலில் பல்லவியைத் திருப்பிச் சொன்னது. ஹெலனும் பாடினாள். குரல் தானாக ஆல்டோவுக்குக் கீழே போயிற்று. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மூடிய வாயை அவள் கோயிலில் மாதக்கணக்கில் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மீன் கழுவிக்கொண்டே ரெஜினா மறுநாள் பல்லவியைப் பாடிப் பார்த்தாள். அடுப்படியில் நின்ற ஹெலன் தன்னை மறந்து கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டாள். ரெஜினா நிறுத்தினாள்.

“இன்னாமா அது?”

“தப்பா போயிடுச்சு அத்த. எங்க கோயில்ல இப்டிதான் பழக்கம்.”

“தப்புன்னு நான் சொன்னனா? நல்லா கீது. இன்னொரு தபா பாடு.”

பாடினார்கள். ரெஜினா தன் மெட்டை விட்டு மருமகளின் குரலுக்கே வழுக்கி வழுக்கி வந்தாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு ஹெலனின் தம்பி ஜோஷ்வாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். செங்கல்பட்டுக் கோயிலில் ரெஜினா நாலு குரலையும் கேட்டாள். திரும்பும்போது பேருந்தில் சொன்னாள்: “கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆனா ஜனங்க சும்மா நின்னுகினு கீறாங்களே, அவங்க எப்போ பாடுவாங்க?”

ஊர் வந்து இறங்கியதும் ரெஜினா சொன்னாள்:

“வர்ற ஞாயிறு திருப்பாடல் நீ பாடு.”

“ஐயோ அத்த, நான் தனியா பாடினதே இல்ல.”

“நான் ஜனங்களோட நிக்கிறேன். பயப்படாத.”

அந்த ஞாயிறு முதல் வரியில் ஹெலனின் குரல் நடுங்கியது. பாடி நிறுத்தினாள். கோயில் பதில் சொன்னது. கரகரத்த ஆண்குரல்கள், பெண்கள், குழந்தைகள், எல்லாம் ஒரே மெட்டில். இத்தனை காலமும் அவள் பாட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறாள். பாட்டு இப்படி எதிரே வந்து அவளை ஏந்திக்கொண்டதில்லை. அடுத்த வரியில் நடுக்கம் இல்லை.

இப்போது ஒரு ஞாயிறு மாமியார், மறு ஞாயிறு மருமகள். ஜனங்கள் பதில் பாடும்போது மட்டும் ஹெலன் மைக்கைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று ஆல்டோ பாடிக்கொள்கிறாள்.