இருபது ஆளும் ஒரு வேலையும்

சவூதியின் ஜுபைலில் பதினாறு வருஷம் சாரம் கட்டிய வீரபாண்டிக்கு வெயில் வெறுத்துவிட்டது. ஏசி ஆபீசில் உட்கார்ந்து பைப் டிராயிங் போடும் வேலைக்கு மாற நினைத்தான். கேம்ப் ரூமிலேயே படித்துப் பழகலாம் என்று கம்ப்யூட்டர் வாங்கப் போனான்.

"கோர்னா ப்ராசஸருக்கு உள்ள வேலை பாக்குற ஆள் மாதிரிண்ணே," என்றார் கடைக்காரர் ஜாபர் சாதிக். "இந்தப் புது டெஸ்க்டாப் ப்ராசஸர்ல ஆறு பேருதான், ஆனா பறப்பாங்க. அந்தப் பழைய சர்வர் ப்ராசஸர்ல இருபது பேரு, எல்லாம் ஆமை. உங்க டிராயிங் சாப்ட்வேர் பெரும்பாலும் ஒருத்தனைத்தான் வேலை வாங்கும். புதுசை எடுங்க."

"எனக்கே ஆள்கணக்கு சொல்றீங்களா பாய்? சைட்ல வேலை இழுத்தா ஆளைத்தானே கூட்டுறாங்க?"

அதே விலைக்குப் பழையதைத் தூக்கிவந்தான்.

ரூமில் அதன் ஃபேன் ஜெனரேட்டர் மாதிரி இரைந்தது. டிராயிங்கில் ஒரு பைப்பை நகர்த்தினால், அது நகர்ந்து முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். எந்தக் கோர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான். ஒன்று மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. மற்ற பத்தொன்பதும் சும்மா கிடந்தன.

பத்தொன்பது பேர் நிழலில் நிற்க, சாரத்தின் மேல் ஒருத்தன் மட்டும் வேகும் காட்சி அவனுக்குப் புதிதில்லை. அந்த ஒருத்தன் எப்போதும் அவன்தான். தப்பிக்க நினைத்த சைட்டைத் தன் காசிலேயே வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.