தறிக்குழியில் ஒரு கணுக்கால்

குமரகுருவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் வாயில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கவ்விக்கொண்டிருந்தார். வலது காலை பெஞ்சின் மேல் நீட்டியிருந்தார். கணுக்கால் வீங்கி, எலும்பு இருக்கும் இடமே தெரியாமல், வெளிப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பெஞ்சை ஒட்டிப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு சடை முடிந்திருந்தது. இன்னொன்று பாதியில் இருந்தது. அவளுக்குப் பின்னால் அவளைவிடச் சின்னவள் ஒருத்தி, தலைவிரி கோலமாக, கையில் சீப்பை வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள்.

போன வருஷம் மாசிக் கடைசி. காஞ்சிபுரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் எனக்கு அது இரண்டாம் வருஷம். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஊரில் என்னைக் 'கால் டாக்டர்' என்பார்கள். வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போடும்போது அம்மா அதைத் தெருப் பக்கமாகத்தான் போடுவாள்.

உள்ளே கூப்பிட்டதும் குமரகுரு, "ஒரு நிமிஷம் டாக்டர், நாலாவது சடை ஓடிக்கினு இருக்குது" என்றார். ஓர் ஆண் அவ்வளவு சீராகச் சடை பின்னி நான் பார்த்ததில்லை. எட்டு சுற்றும் ஒரே அளவு.

அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே பட்டுத்தறி. மனைவி சங்கீதா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து நாலரை மாதம் ஆகியிருந்தது. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். காலை ஷிப்ட் வாரத்தில் ஐந்து மணிக்கே தெருமுனைக்கு வேன் வந்துவிடும். அதன் பிறகு வீடு முழுக்க குமரகுருவின் கையில். சமையல், டப்பா கட்டுவது, நான்காவது படிக்கும் கீர்த்தியையும் எல்கேஜி துர்காவையும் குளிப்பாட்டிக் கிளப்புவது, நாலு சடை, சைக்கிளில் பள்ளி. அதற்கு நடுவில் தறி.

அடிபட்டதும் அந்த நடுவில்தான். நெய்துகொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, தறிக்குழியிலிருந்து ஒரே தாவாகத் தாவியிருக்கிறார். கால் குழியின் விளிம்பில் புரண்டது. "பால் தப்பிச்சிடுச்சி டாக்டர். கால்தான் போச்சு" என்றார்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வெளிப்பக்கத்துத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. கட்டுப் போட்டேன். ஐஸ் ஒத்தடம் சொன்னேன். படுக்கும்போது தலையணைமேல் கால் இருக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு நடக்கக் கூடாது, இதைச் சரியாகப் பார்க்காவிட்டால் காலம் முழுக்க அந்தக் கணுக்கால் புரண்டுகொண்டே இருக்கும் என்றேன். என்ன வேலை என்று கேட்டேன். நெசவு, உட்கார்ந்துகொண்டுதான் என்றார். அவர் அட்டையில் 'உட்கார்ந்து செய்யும் வேலை' என்று எழுதினேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பு போகும், மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோள் போகும் என்று எனக்குத் தெரியும். நெசவு என்றால் கையும் கண்ணும் என்று நினைத்திருந்தேன். டவுன் பஸ்ஸில் போகும்போது தறிச் சத்தத்தை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். ஒரு தறிக்குழிக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது குமரகுரு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். சங்கீதாவுக்கு ஆறு மாதம் பயிற்சிக்காலம். அது முடிந்தால் நிரந்தரம். அதற்குள் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். கால் இப்படி என்று தெரிந்தால் சங்கீதா வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிடுவார்.

"அதுக்கு வேலைன்னா உசுரு டாக்டர். கழுத்துல அந்த ஐடி கார்டை மாட்டிக்கினு போறப்ப ஒரு நடை நடக்கும் பாருங்க. என் காலால அது நின்னுடக் கூடாது. வீட்ல சும்மா சுளுக்குன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் போன்கீன் பண்ணா அப்படியே சொல்லிடுங்க."

எனக்கு அது புரிந்தது. எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கும் கோட்டு நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

இரண்டாவது வாரம் வந்தார். வீக்கம் அப்படியே இருந்தது. நான் விரல் வைத்ததும் பல்லைக் கடித்தார். நடக்கிறீர்கள் என்றேன். இல்லை என்றார். படித்தவன் சொல்வதைக் கேட்பதே இல்லை என்ற கோபம் எனக்கு அப்போது சீக்கிரம் வரும். இப்படிப் பொய் சொன்னால் நான் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று குரலை உயர்த்தினேன்.

அவர் கோபப்படவில்லை. நடக்காமல் இருக்க என்னென்ன செய்திருக்கிறார் என்று வரிசையாகச் சொன்னார். காஸ் அடுப்பைத் தரைக்கு இறக்கியாயிற்று. ஒரு பலகைக்கு அடியில் நாலு சக்கரம் அடித்து, அதில் உட்கார்ந்து கையால் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறார். சுளுக்கு சீக்கிரம் விடத்தான் இதெல்லாம் என்று சங்கீதாவிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு கலியாணசுந்தரம் தன் ஆட்டோவில் பள்ளியில் விடுகிறார். இங்கே வருவதும் அதே ஆட்டோவில்தான். அப்படியும் நான் நம்பாத முகத்தோடு இருந்ததால் கூட நின்ற கீர்த்தி குறுக்கிட்டாள்.

"அங்கிள், அப்பா நடக்கல. நான் பார்த்துக்கினுதான் இருக்கேன். பாத்ரூமுக்குக்கூட வண்டியிலதான் போறாரு. மீதி நேரமெல்லாம் தறியில உக்காந்தே இருக்காரு."

இருபத்தாறு வயதில் அங்கிள் ஆனது ஒரு பக்கம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கட்டை மாற்றி, இன்னும் இறுக்கமாகப் போட்டு, தறியில் உட்கார்ந்திருப்பது நல்லது, அப்படியே இருங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுண்டுகிறது.

மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. பங்குனித் தேருக்காக ராஜவீதிகளை அடைத்திருந்தார்கள், ஆட்டோ வர வழியில்லை. போனில் சொன்னார். மறுநாள் காலை கிளினிக் போகும் வழியில் வண்டியைப் பிள்ளையார்பாளையத்துக்குத் திருப்பினேன்.

வீடு ஓர் ஒடுக்கமான சந்தில் இருந்தது. முன்கட்டில் பாதி இடம் தறி. குமரகுரு தறியில் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் குழிக்குள். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். "வாங்க டாக்டர். பார்த்தீங்களா, சொன்ன மாதிரி ஆடாம அசையாம உக்காந்துக்கினு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, ஊடு நூல் ஏற்றிய நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசினார்.

நான் குனிந்து குழிக்குள் பார்த்தேன். அடியில் இரண்டு மிதிபலகைகள். இடது கால் ஒன்றை அழுத்தியது. அது மேலே வரும்போது வலது கால் மற்றொன்றை அழுத்தியது. வலது காலில் நான் கட்டிய கட்டு. அழுத்தும் ஒவ்வொரு முறையும் பாதம் வெளிப்பக்கமாக மடங்கியது, கிழிந்த நார் இருக்கும் அதே பக்கம். நாடா போக, மிதி இறங்க. நாடா வர, மிதி ஏற. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில் அந்தக் கால் எத்தனை முறை மடங்கியது என்று எண்ண முடியவில்லை. நடந்திருந்தால்கூட அவ்வளவு மடங்கியிருக்காது.

நிறுத்துங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எத்தனை மணி நேரம் இப்படி என்று கேட்டேன். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை என்றார். வழக்கமாக அவ்வளவு நெய்வதில்லை. இப்போது வேறு எங்கும் போக முடியாதே. அதோடு, தறியில் இருந்தால் சங்கீதாவுக்குத் தான் நொண்டுவது தெரியாது. அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது இவர் தறியில் இருப்பார். மதிய ஷிப்ட் வாரத்தில் அவர் எழுவதற்கு முன்பே இவர் குழிக்குள் இறங்கிவிடுவார். வலிக்கவில்லையா என்றேன்.

"வலிக்குது. நீங்க நடக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க."

நெசவில் கால் மிதிப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பதினைந்து வயதிலிருந்து அந்தக் கால்கள் மிதித்துக்கொண்டிருக்கின்றன. மூச்சு விடுவதை யாரும் வேலை என்று சொல்வதில்லையே, அந்த மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, இன்னும் மூன்று வாரம் இப்படி மிதித்தால் நார் ஒட்டவே ஒட்டாது, பிறகு சைக்கிளும் இல்லை, பிள்ளையைத் தூக்கவும் முடியாது என்றேன்.

சமையற்கட்டு வாசலில் சங்கீதா நிற்பதை நான் பார்க்கவில்லை. அந்த வாரம் மதிய ஷிப்ட். கையில் கரண்டியோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"சுளுக்குன்னு சொன்னீங்க."

குமரகுரு நூலைப் பார்த்தார்.

"தறி சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சி. நெய்றாரே, அப்ப வலி இல்லைன்னு நெனச்சிக்கினு நான் பாட்டுக்குக் கம்பெனிக்குப் போயிக்கினு இருந்தேன்."

"இன்னும் இருபத்தஞ்சு நாள்தாம்மா. உனக்குப் பர்மனென்ட் ஆயிடட்டும்னுதான். சொன்னா நீ வேலையை உட்டுடுவ."

"உட்டுடுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. ஆனால் குழிக்கு நடுவே மாட்டிக்கொண்டவன் போல நானும் உட்கார்ந்திருந்தேன்.

"நான் வேலையை உடறதா இல்லை" என்றார் சங்கீதா. "நிறுத்தணும்னா இதை நிறுத்துங்க. எழுந்திருங்க."

குமரகுருவுக்கு அது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டில் ஒன்று நின்றாக வேண்டுமென்றால் அது தறியாக இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. பாதிச் சேலையில் எப்படி நிறுத்துவது என்றார். பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி கேட்டால் என்றார். முதலாளியிடம் தான் பேசிக்கொள்வதாக சங்கீதா சொன்னார். நான் கைகொடுக்க, அவர் இடது காலில் எம்பி, ஒருவழியாக மேலே வந்து சக்கரப் பலகையில் உட்கார்ந்தார்.

பிறகு சங்கீதா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கினார். அவரும் நெசவுக் குடும்பத்துப் பெண்தான். மிதிபலகையை, மேலே பாவு நூலைப் பிரித்துக் கொடுக்கும் விழுதோடு சேர்க்கும் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மிதிகள் தொப்பென்று தரையில் விழுந்தன. கயிறுகளைச் சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்த தன் கம்பெனிப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்கூட ஸ்ரீபெரும்புதூர் வரும். டாக்டர் எப்ப சொல்றாரோ அன்னிக்கிக் கட்டறேன். இல்லன்னா நான் வேன் ஏறினதும் நீங்க இறங்கிடுவீங்க."

"வேற கயிறு இல்லையா ஊர்ல" என்றார் குமரகுரு. ஆனால் குரலில் சண்டை இல்லை. கண் கலங்கியிருந்தது. வலியாலா வேறெதாலா என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரமாக அந்த வலியை அவர் ஒண்டியாக வைத்திருந்தார்.

கயிறு ஐந்து வாரம் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிள்ளையார்பாளையத்துக்குமாகப் போய் வந்தது. கம்பெனி வாசலில் பையைச் சோதித்த செக்யூரிட்டி ஒருநாள் இது என்ன என்று கேட்டதற்கு, "வூட்டுக்காரர் கால்கட்டு" என்றாராம் சங்கீதா.

குமரகுருவுக்கு அந்த ஐந்து வாரம் சுலபமாக இல்லை. முதல் வாரம் சிடுசிடுப்பு. தெருவில் எல்லா வீட்டிலும் தறி அடிக்க, தன் வீடு மட்டும் எழவு வீடு மாதிரி இருக்கிறது என்றார். வாரம் இருமுறை காலையில் நானே போய்விடுவேன். வீக்கம் வடிந்ததும் பயிற்சி தொடங்கினேன். கால் கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். துர்கா அப்போதுதான் உயிரெழுத்து படித்துக்கொண்டிருந்தாள். அவளே வாத்தியார் ஆகிவிட்டாள். எழுத்து கோணினால் திரும்ப எழுதச் சொல்வாள். "அ ஆ பரவாயில்லை டாக்டர். இந்த இ-தான் சுழிக்கறதுக்குள்ள கால் கழண்டுடும் போலிருக்குது" என்பார். நாலாவது வாரம் ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு சடை பின்னும் நேரம் என்றேன். அப்படியே செய்தார். சுவரில் சாய்ந்து, வலது காலில் நின்று, முதல் சடை. மறுநாள் சுவர் இல்லாமல்.

சித்திரை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கீதா குழிக்குள் இறங்கிக் கயிற்றைக் கட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். முதல் வாரம் அரை மணி நேரம் மட்டும், கணுக்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு என்று சொல்லியிருந்தேன். குமரகுரு இறங்கி உட்கார்ந்து, வலது காலை மிதியில் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு அழுத்தினார். எங்கள் மூன்று பேர் பார்வையும் குழிக்குள்தான் இருந்தது. கால் மடங்கவில்லை.

அதற்கு எட்டு நாள் முன்பே சங்கீதாவுக்கு நிரந்தர ஆணை வந்திருந்தது. ஒருநாள்கூட லீவு போடவில்லை.

அந்த வாரம் கிளினிக் அட்டையில் என்ன வேலை என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரியைப் பேனாவால் சேர்த்தேன்: அந்த வேலையில் கால் என்ன செய்கிறது? இப்போது அதை அச்சிலேயே போட்டுவிட்டோம்.

குமரகுரு அதே வீட்டில், அதே தறியில் நெய்கிறார். மழை நாளில் கணுக்கால் கொஞ்சம் வலிக்கிறது, பட்டை போட்டுக்கொள்கிறார். பிள்ளைகளைச் சைக்கிளில்தான் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். சங்கீதா அதே கம்பெனியில், அதே வேனில் போய் வருகிறார். கீர்த்தி தன் சடையைத் தானே பின்னிக்கொள்கிறாள். குமரகுருவுக்குக் காலையில் இப்போது இரண்டு சடைதான்.