சர்க்கரை பார்க்கிற இடத்துக்கு ஸ்வீட் வாங்கிப் போனவள்

ரத்தம் எடுக்கிற வேலையில் நரம்பு தேடுவதுதான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நரம்பு எப்படியும் கிடைத்துவிடும். கூட வேலை செய்கிறவர்களுக்கு என்ன வாங்கிப் போவது என்பதற்குத்தான் விடை கிடைக்காது.

நான் சிதம்பரத்தில் இருந்து தினமும் பஸ் பிடித்து, கடலூரில் ஒரு பரிசோதனை லேபுக்கு வேலைக்குப் போகிறவள். சின்ன லேப். முன்னால் பில் போட நசீமா அக்கா, உள்ளே மெஷினோடு ராஜவேலு அண்ணன், ஊசியோடு நான், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட டாக்டர் மேடம். இந்த மூணு பேருக்கு வாங்குவது ஒரு பிரச்னையா என்று கேட்பீர்கள். பிள்ளை பாஸானதற்கும் புது வண்டி எடுத்ததற்கும் ஆபீசுக்கு டப்பா தூக்கிப் போய், திறந்து வைத்துவிட்டு, யார் எடுக்கிறார்கள், யார் எடுக்கவில்லை என்று ஓரக்கண்ணால் பார்த்தவராக இருந்தால் கேட்க மாட்டீர்கள்.

வெறும் வயிறு

முதல் சம்பளத்தில் மேலவீதியில் நெய் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். காலை எட்டு மணி. நசீமா அக்காவின் மேஜையில் வைத்துப் பெருமையாகத் திறந்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நெய் வாசனை ஹால் முழுக்கப் பரவியது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் ராத்திரி சாப்பிட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் வைக்காமல் ஃபாஸ்டிங் சுகர் பார்க்க வந்தவர்கள். அத்தனை கழுத்தும் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பியது.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டுதான் முதல் ஆளைக் கூப்பிட்டேன். கம்மாபுரத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பெரியவர். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்ததும் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தத்த எடுத்துக்க பாப்பா, வேணாங்கல. அதுக்குன்னு எங்க கண்ணெதிரயே ஸ்வீட்டயும் திங்கணுமா?"

அன்றைக்கே நசீமா அக்கா சட்டம் போட்டுவிட்டார். பதினோரு மணிக்கு முன்னால் எந்த டப்பாவும் வாய் திறக்கக் கூடாது.

கொத்சு

என் கல்யாண நாளுக்கு ஸ்வீட்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். விடியற்காலையில் எழுந்து சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் செய்து, சாதத்தை டப்பாவில் போட்டுப் பையில் வைத்து, கொத்சைத் தூக்கில் அடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் தூக்கு. ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடை. டிரைவர் அதை மதிக்கவில்லை. மூடி கழன்றது.

கொத்சில் பாதி தரையில், மீதி பக்கத்து சீட்டில் இருந்தவரின் வெள்ளை வேட்டியில். மனிதர் எகிறிக் குதித்தார். நான் கைக்குட்டையை நீட்டி, மன்னிப்புக் கேட்டு, அழாத குறை. திட்ட வாயைத் திறந்தவர், வாசனை பிடித்து நிறுத்திக்கொண்டார். "வீட்ல செஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்ததாகப் பட்டது. லேபில் எல்லாரும் சம்பா சாதத்தை ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள். நல்லாயிருக்கு என்றும் சொன்னார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். படியில் கால் வைத்ததும் என்னைப் பார்த்துவிட்டார். "ஏறுங்க, ஏறுங்க. கொத்சு தனியா டிக்கெட் எடுக்குதா, இல்ல உங்க மடியிலயே வருதா?"

தொடாத கை

எங்கள் லேபில் யார் எது கொண்டுவந்தாலும் கடைசித் துணுக்கு வரை துடைத்து எடுப்பவர் ராஜவேலு அண்ணன். மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம், வேலைக்காகக் கடலூரில் குடியேறியவர். நாங்கள் எடுத்துக்கொண்ட பிறகு டப்பாவைத் தட்டி, உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்வார். நசீமா அக்காவின் மகளுக்குக் காலேஜில் சீட் கிடைத்தபோது அக்கா பால்கோவா கொண்டுவந்தார். அண்ணன் தொடவில்லை. பல்லு வலி என்றார். அடுத்து என் மகன் பிறந்தநாள் கேக். வேலை இருக்கு என்றார். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கே எங்களோடு உட்காருவதை விட்டுவிட்டு, உள்ளே மெஷின் பக்கத்தில் நின்றபடி தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

சிரிப்புச் சத்தமே இல்லாமல் போய்விட்டது. "நான் ஏதாச்சும் ஜாஸ்தியா பேசிட்டனா சுதா?" என்று நசீமா அக்கா என்னிடம் தினமும் கேட்டார். எனக்கும் பயம்தான். அண்ணன் வேலையை விட்டுப் போகப் போகிறாரோ என்று நினைத்தேன். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தன் ரத்தத்தைத் தானே எடுத்துப் பார்த்திருக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்திருக்கிறது. அவருடைய பெரிய அண்ணனுக்குச் சர்க்கரையால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதை நினைத்து நினைத்து, டாக்டரிடமும் போகாமல், வீட்டிலும் சொல்லாமல் இருந்திருக்கிறார். "ஊருக்கே ரிப்போர்ட் குடுக்குறவன் நான். பயப்படாதீங்க, மாத்திர போட்டா சரியாயிடும்னு எத்தினி பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்குன்னு வந்தப்ப அதச் சொல்ல ஒரு ஆளு இல்ல சுதா."

நல்லது செய்கிற பிஸ்கட்

சொல்ல ஆளா இல்லை? அவர் சரி என்ற பிறகு நசீமா அக்காவிடம் சொன்னேன். அக்கா முதலில் அழுதார், அடுத்த நிமிஷம் அண்ணனைக் கையோடு மேடத்தின் ரூமுக்குக் கூட்டிப்போனார். மேடம் அரைமணி நேரம் பேசினார். அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டார். மாத்திரை ஆரம்பமானது. காலையில் சில்வர் பீச்சில் நடை ஆரம்பமானது. என் தலைவலியும் ஆரம்பமானது. இனிமேல் என்ன வாங்கிப் போவது? அவர் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் தின்பதா?

ஒரு கடையில் சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று கண்ணாடி அலமாரியில் வைத்து விற்றார்கள். விலையைப் பார்த்தால் மருந்து மாதிரி இருந்தது, அதனாலேயே நம்பி வாங்கினேன். மேடம் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துவிட்டு, மைதாவும் எண்ணெயும் இதிலும் உண்டு, ஒன்றோடு நிறுத்துங்கள் என்றார். நிறுத்துவது கஷ்டமாகவே இல்லை. நசீமா அக்கா பாதியைக் கடித்துவிட்டு மீதியை டிஷ்யூவில் மடித்தார். அண்ணன் மட்டும் என் மனசு நோகக் கூடாது என்று கடைசி வரை மென்று, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சுகர் வந்ததக் கூட பொறுத்துக்குவேன் சுதா. இந்த பிஸ்கட்டு வேணாம்."

மல்லாட்டை

அதற்கப்புறம் ஒருநாள் சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், புவனகிரியில் இருந்து வரும் அம்மா ஒருத்தர் கூடையில் பச்சை மல்லாட்டை வைத்திருந்தார், வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதுதான். செடியிலிருந்து அன்றைக்குப் பறித்தது, மண் கூட உதிரவில்லை. வாங்கி, கழுவி, உப்புப் போட்டு அவித்து மறுநாள் எடுத்துப் போனேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று மேடம் அனுமதி கொடுத்தார். அண்ணனுக்கும்தான்.

பதினோரு மணிக்கு மேல் ஒரு பழைய பேப்பரை விரித்துக் கொட்டினோம். அண்ணன் தானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் மல்லாட்டை பிடுங்கும்போது அவரும் அவருடைய பெரிய அண்ணனும் அடித்த லூட்டியைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெரிய அண்ணனைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே பேசி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். மேடம் ஃபோன் பேச வெளியே வந்தவர், ஃபோனை வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்காகத் திரும்பி வந்த ஒரு அம்மா, தோல் குவியலைப் பார்த்து, "என்னாங்க, இன்னிக்கி லீவா?" என்று கேட்டார். நசீமா அக்காதான் பதில் சொன்னார்: "லீவெல்லாம் இல்லம்மா. ஸ்வீட்டுன்னா வாயில போட்டுக்கிட்டு எந்திரிச்சு ஓடிருவோம். இத உரிக்கணும்ல, அதான் எல்லாரும் உக்காந்துட்டோம்."

ரெண்டு டப்பா

மூணு மாசம் கழித்து அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். இத்தனை வருஷம் ரத்தத்தோடு புழங்குகிற மனிதர், ஊசி போட்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டார். மெஷின் பக்கமும் வரமாட்டேன் என்றுவிட்டார். சாம்பிளை நானே மெஷினில் போட்டேன். எண் வந்ததும் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். முழுசாக இறங்கிவிடவில்லை, ஆனால் நல்லாவே இறங்கியிருந்தது. வெளியே வந்து சொன்னேன். அவர் நேராக வாசலுக்குப் போய் மனைவிக்கு ஃபோன் போட்டார். குரல் உள்ளே வரை கேட்டது.

மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா வந்தது. முதுநகர் துறைமுகத்தில் வாங்கிய சுறாவில் அவர் மனைவி செய்த புட்டு. நசீமா அக்கா தட்டு எடுக்க ஓடினார். நாங்கள் நடராஜர் கோயிலைச் சுற்றி இருக்கிற சைவக் குடும்பம், நான் மீன் சாப்பிடுகிறதில்லை. பரவாயில்லை அண்ணே என்று சொல்லத் தயாராக நின்றேன். அண்ணன் பைக்குள் கையை விட்டு இன்னொரு சின்ன டப்பாவை எடுத்தார். வாழைப்பூ புட்டு. தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் செய்தது. மூடிமேல், ரத்தக் குழாயில் ஒட்டுவோமே, அந்த ஸ்டிக்கர்: என் பெயர், பெண், வயது. எதற்கு அண்ணே இது என்றேன். அவர் ரொம்ப சீரியஸாகச் சொன்னார்: "பாக்க ரெண்டும் ஒண்ணாட்டம்தான் இருக்குது. லேபுல இருக்குறவன் சாம்பிள மாத்தலாமா?"

நசீமா அக்காவிடம் இத்தனை நாளாக நான் குறைத்துச் சொல்லிவந்த என் வயதை அந்த ஸ்டிக்கர் சரியாகப் போட்டுவிட்டது என்பதைத் தவிர, எங்கள் லேபுக்கு வந்த பலகாரங்களிலேயே அதற்கு மட்டும் யாராலும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.