ஐந்து கட்டில், பத்துப் பெண்கள்

வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டியதும், சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. விற்பதா, வாடகைக்கு விடுவதா? நானும் கணவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆனால் அவருக்கு ஓர் அக்கா உண்டு; எனக்கு அண்ணி.

அண்ணிக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஆறு அறைகள் இருக்கின்றன. கம்பெனிகளில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பிள்ளைகள் அவற்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த வாடகையில்தான் அவர் குடும்பம் நடக்கிறது. ஆனாலும் அவர்களை ‘அதுங்க’ என்றுதான் சொல்வார். அதே இடத்தில் மாடு கட்டியிருந்த காலத்தில், மாடுகளுக்குப் பெயராவது வைத்திருந்தார்.

“பூட்டி வெச்சா வூடு பாழாப் பூடும்,” என்றார். “அஞ்சு கட்டில் வாங்கிப் போடு. பத்து பொண்ணுங்கள வெக்கலாம். அஞ்சு டே ஷிப்ட் போனா, அஞ்சு நைட் ஷிப்ட். ஒண்ணு எழுந்தா ஒண்ணு படுத்துக்கும். அதுங்களுக்கு இன்னா, தூங்க எடம் இருந்தா போதாதா?”

“அக்கா சொல்றதும் சரிதான?” என்றார் என் கணவர். எந்தப் பக்கம் குரல் பெரிதாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் நியாயம் இருப்பதாக நம்புகிறவர் அவர்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே கம்பெனியில் லைன் வேலைக்கு வந்தவள். ஓர் அறையில் எட்டுப் பேராகக் கிடந்தவள். இன்னொருத்தியின் வியர்வை காயாத பாயில் படுப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் அது தெரியும். தெரிந்தேதான் என் எதிரில் அப்படிப் பேசினார். நான் வீட்டுக்காரி ஆகிவிட்டேன், அதனால் அவர் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். நாலு பேராக மொத்த வீட்டையும் எடுத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கு. அண்ணி அழைக்காமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எந்த ஊரு? இன்னா ஆளுங்க? போன்ல எவன்கிட்டயாச்சும் பேசிக்கினு இருப்பீங்களா? ஞாயித்துக்கெழம எங்க போவீங்க?”

மூத்தவள் பொறுமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில், “வேலைக்குச் சேரும்போது கூட இம்புட்டு கேள்வி கேக்கலம்மா. நாங்க வாரோம்,” என்று எழுந்தாள்.

அவ்வளவு நேரமும் நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நாலு டம்ளர் டீக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அன்றைக்கு அண்ணியை இகழ்ந்ததைவிட என்னை அதிகமாக இகழ்ந்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள்.

“வீடு என்னுதுதான் தாயி. அவங்க சொல்லுதத எடுத்துக்காதீங்க. வந்து நல்லாப் பாருங்க,” என்றேன். பல வருடம் பேசாத பேச்சு தானாக வந்தது.

“நீங்க நம்ம ஊரு பக்கமாக்கா?” என்று கேட்டாள் இளையவள்.

மூத்தவள் சிரிக்கவில்லை. “வீடு ஒங்களதுன்னா, அந்தம்மா பேசும்போது ஏன்க்கா சும்மா இருந்தீங்க?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“கோவிச்சுக்கிடாதீங்க. வேற பாக்கோம். அவங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க,” என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன்: “வாடகைக்கு விடறதுன்னா யாருக்கு விடறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். உங்க அக்கா அந்த வாசப்படி ஏறக் கூடாது. அதை நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும். இல்லன்னா வித்துடலாம்.”

அவர் ஒரு வாரம் யோசித்தார். சாப்பிடும்போது யோசித்தார், பைக் துடைக்கும்போது யோசித்தார். பிறகு, “வித்துடலாம்மா. அதான் எல்லாருக்கும் நல்லது,” என்றார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட, சொந்த வீட்டை விற்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

விற்றோம். பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பெரிய காரியம் முடித்தவர் போல இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அந்தப் பெண்களுக்கு எங்கே வீடு கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.