தொட்டிச் செடிக்குச் செய்த கருவி

மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஈரம் பார்க்க நான் ஒரு கருவி செய்தது தெரியும்தானே? மிச்சம் கிடந்த சர்க்யூட் போர்டுத் துண்டில் செம்பை இரண்டு பட்டையாகப் பிரித்து, பேட்டரியும் குட்டி விளக்கும் வைத்தேன். மண்ணில் குத்தினால், ஈரத்துக்குத் தக்கபடி விளக்கு எரியும். அவ்வளவுதான்.

காலையில் பக்கத்துத் தென்னந்தோப்பு செல்வராசு அண்ணன் அதை இரவல் வாங்கிப் போனார். மத்தியானம் போன் வந்தது.

“தம்பி, கெழக்கு மூலையில பளிச்சுன்னு எரியுது. போர் வண்டிக்குச் சொல்லிட்டேன்.”

தோப்புக்கு ஓடினேன். ஏற்கெனவே அங்கே தண்ணீருக்காகப் போட்ட இரண்டு போரிலும் வெறும் புழுதிதான் வந்தது.

“அண்ணே, இது மேல ரெண்டு அங்குல ஈரத்தைத்தான் காட்டும். அந்த எடத்துல நீங்க மாடுல்ல கட்டுறீங்க!”

“தேங்காய வச்சு நீரோட்டம் பாக்குறவரும் அங்கிட்டுத்தான் கையக் காமிச்சாரு. ஒனக்குத் தன்னடக்கம் ஜாஸ்திப்பா.”

சாயங்காலமே வண்டி வந்துவிட்டது. சூடம் ஏற்றிப் பூசை போட்டார்கள். என் கருவியையும் பக்கத்தில் நட்டு வைத்து, சந்தனத்தைக் குழைத்து அதன் செம்புப் பட்டைகளின் மேல் தாராளமாகப் பூசினார் அண்ணன்.

சந்தன ஈரத்தில் விளக்கு அணையாமல் எரிகிறது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

நீங்கள் யாராவது வந்து சொல்லிப் பாருங்கள். நான் சொன்னால் தன்னடக்கமாம்.