திருமண் பெட்டியில் எறும்புத் தீனி

நைனாவின் பழைய திருமண் பெட்டி இப்போது என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. நெற்றியில் நாமம் போடும் திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் இருந்த அதன் அறைகளில் அக்காதான் முதலில் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டாள். பெருமாள் பெட்டியில் எறும்புக்குத் தீனியா என்று நைனா பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருவள்ளூர்க் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது, கோபம் வராமல் இருக்குமா?

அக்கா கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். திங்கட்கிழமை மட்டும் அவளுக்கு வகுப்பு கிடையாது. அன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள புதர்க்காட்டுக்குப் போய், பெட்டியில் இருப்பதை இலைகளின் மேல் வைத்து, எந்தெந்த எறும்பு வருகிறது என்று பார்ப்பாள். பட்டுப்புடவை எடுப்பவர்கள்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கமாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ராகு காலத்தில் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது. திங்கள் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது. அது கழிந்து கிளம்பி, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி அவள் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். ஆரம்பத்தில் அது குறையாகவே தெரியவில்லை. பெட்டியைத் திறப்பதற்குள் கட்டெறும்பும் செவ்வெறும்பும் வந்துவிடும்.

பிறகு வருடா வருடம் கோடை கடுமையானது. இலைமேல் வைத்த சர்க்கரை அநேகமாக அப்படியே கிடந்தது. எறும்பு போய்விட்டால் மண்ணைக் கிளற ஆளில்லை, விதையைத் தூக்கிப் போகவும் ஆளில்லை. காடு மெல்லச் செத்துவிடும் என்பாள். அந்தச் சமயத்தில்தான் காட்டை வெட்டிக் கிடங்கு கட்டும் பேச்சு எழுந்தது. அங்கே காப்பாற்ற ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அதிகாரிகள் அவளிடம் அறிக்கை கேட்டார்கள்.

"இல்லாதத இருக்குதுன்னு எழுத மாட்டேன்" என்றாள். அழுதிருந்தாள்.

அதே தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் நான் வேலை பார்க்கிறேன். அந்தக் கோடையில் எங்களை விடியும்போதே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது அலுத்துக்கொண்டேன். "வெயில் ஏறினா யார்டுல ஒருத்தராலயும் நிக்க முடியலக்கா. ஷிப்டையே மாத்திட்டாங்க."

அக்கா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். "அதுங்களும் மாத்திக்கினு இருந்தா?"

அடுத்த திங்கள் இருட்டு விலகுமுன் அவளும் என்னோடு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவசரத்தில் பெட்டியை மறந்துவிட்டாள். நைனாதான் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ராகு காலத்துக்கு முன்ன கெளம்பறதுல தப்பே இல்ல. இந்தா, உன் எறும்புங்களுக்கு." தேங்காயை அவரே புதிதாகத் துருவிப் போட்டிருந்தார்.

காலை டீ நேரத்தில் அக்கா போன் செய்தாள். "கும்பலா வந்துச்சுங்கடி. வெயில் அடிச்சதும் உள்ள பூந்துக்குச்சுங்க."

முழுச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. செவ்வெறும்பு நிழல் மரங்களடியில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மதிய வெயிலில் நெட்டைக்கால் எறும்பு ஒன்றுதான் தனியாக ஆண்டுகொண்டிருந்தது. எதையும் மறைக்காமல் எழுதினாள்: எறும்புகள் இருக்கின்றன, சூடு அவற்றின் வேலை நேரத்தைத் தின்றுவிட்டது, இருக்கிற நிழலையும் வெட்டாதீர்கள். கிடங்கு வேறு இடத்துக்குப் போனது. அவள் எழுதியதால்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அக்காவுக்கு இப்போது மலைப்பக்கம் வேலை. திங்கட்கிழமைகளில் ஷிப்டுக்கு முன் நான்தான் காட்டுக்குப் போகிறேன். போன திங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பெட்டியைத் திறந்தபோதே பாதி எறும்புகள் புற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பயமாக இருந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அப்ப நீ இன்னும் சீக்கிரம் போகணும்."

"இதுக்கு முன்ன பஸ்ஸே இல்லக்கா."

"ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்க" என்றாள்.

கற்றுக்கொண்டிருக்கிறேன். விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது; பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.